அடைக்கோழியா, மிஷினா? நாட்டுக்கோழி முட்டை பொரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி போகும் வழியில் எங்கள் ஊர். சிறுவிடையும் பெருவிடையுமாக (சின்ன உடம்பு, பெரிய உடம்பு நாட்டுக்கோழிகள்) முப்பது நாற்பது உருப்படி எப்போதும் வீட்டில் இருக்கும். 200 முட்டை பிடிக்கும் மிஷின் ஒன்றும் ஓடுகிறது. அக்கம்பக்கத்து முட்டைகளையும் கூலிக்குப் பொரித்துக் கொடுக்கிறேன். திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தை, கல்யாண வீடு, டீக்கடை என்று எங்கே போனாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். மிஷின் என்று நான் சொல்வது இன்குபேட்டரை. எங்கள் பக்கம் கோழி 'அவயம்' கிடக்கிறது என்பார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கும் புரியட்டும் என்று 'அடை' என்றே எழுதுகிறேன்.

அண்ணே, கோழிய அடை வைக்கிறது நல்லதா, மிஷின் நல்லதா? சுருக்கமாச் சொல்லுங்க.

கையில் இருப்பது 20 முட்டைக்குள் என்றால் கோழி. வாரத்துக்கு நாற்பது ஐம்பது முட்டை சேர்கிறது, அடைக்கு உட்காரக் கோழி இல்லை என்றால் மிஷின். இரண்டு கோழியும் ஒரு சேவலும் வைத்திருப்பவர் மிஷின் விலை கேட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிஷின் பார்ப்பது 21 நாள் வேலை. கோழி அந்த 21 நாளையும் பார்த்து, அதற்கு மேல் இரண்டு மாதம் குஞ்சையும் மேய்த்துக் கொடுக்கிறது. விலை கேட்கிற யாரும் அந்த இரண்டு மாதத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

கோழி அடைக்கு வந்திருச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முட்டையிட்ட கோழி கொக்கரித்துக்கொண்டு வெளியே ஓடிவரும். அடைக்கு வந்தது எழுந்திருக்காது. கையை நீட்டினால் இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே ஒரு மாதிரி உறுமும், கொத்தும். வயிற்றுப்பக்க இறகு உதிர்ந்து தோல் சூடாகத் தெரியும். கொண்டையின் சிவப்பு மங்கும்.

ஒரு நாள் உட்கார்ந்தவுடனே முட்டையைக் கொண்டுபோய் அடுக்காதீர்கள். மூக்குடைந்த முட்டை, பீங்கான் முட்டை ஏதாவது ஒன்றிரண்டை மட்டும் வைத்து இரண்டு இரவு பாருங்கள். மூன்றாம் நாளும் அங்கேயே கிடந்தால் நல்ல முட்டையை வைக்கலாம். இடம் மாற்ற வேண்டியிருந்தால் இரவில் மாற்றுங்கள். பகலில் தூக்கி வைத்தால் பழைய இடத்துக்கே ஓடும்.

எத்தனை முட்டை வைக்கலாம்? ஒத்தப்படையாத்தான் வைக்கணுமாமே?

சிறுவிடைக்கு 9 முதல் 11, பெருவிடைக்கு 13 வரை. ஒற்றையா இரட்டையா என்பது உங்கள் வீட்டு வழக்கம். கோழி எண்ணிப் பார்ப்பதில்லை. உட்கார்ந்த பிறகு ஓரத்தில் ஒரு முட்டைகூட வெளியே தெரியக் கூடாது, அதுதான் கணக்கு. வெளியே தெரிகிற முட்டை தினமும் ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும். கோழி உள்ளே இருப்பதை வெளியே தள்ளி, வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். அதனால் ஒரு முட்டை அதிகம் வைத்தால் அந்த ஒன்று மட்டும் கெடாது, சுற்றி வந்து நாலைந்தைக் கெடுத்துவிடும்.

அகலமான மண்சட்டியில் பாதிக்கு மணல், அதன்மேல் வைக்கோல், நடுவில் லேசாகக் குழி. இது போதும். அடியில் ஒரு கைப்பிடி நொச்சி இலையோ வேப்பிலையோ போடுங்கள், கோழிச்செள் குறையும். செள் ஏறிய கோழி அடையில் தரிக்காது, பாதியில் எழுந்து போய்விடும். முட்டை ஒவ்வொன்றிலும் பென்சிலில் ஒரு கோடு போட்டுவையுங்கள். மற்ற கோழிகள் வந்து அதிலேயே முட்டையிட்டுப் போகும். கோடு இல்லாததை அன்றன்றைக்கே எடுத்துவிடலாம்.

இரும்பும் கரித்துண்டும் வைக்கணும், இல்லாட்டி இடி இடிச்சு முட்டை கெட்டுப்போகும்னு மாமியார் சொல்றாங்க. உண்மையா?

எங்கள் அப்பத்தா ஒரு பழைய ஆணி, ஒரு அடுப்புக்கரி, இரண்டு வரமிளகாய் வைக்காமல் அடை வைத்ததே இல்லை. இடிச் சத்தத்தால் கரு செத்துப்போகாது. ஆனால் இடி மின்னல் வருகிற நேரம் ஐப்பசி, கார்த்திகை. ஈரம் கூடும், கூரை ஒழுகும், நனைந்த கோழி எழுந்து போகும், இந்தக் காலத்தில் கரண்டும் போகும். முட்டை கெட்டது இதனால். பழி இடிக்குப் போனது.

மாமியாரிடம் இதற்காகச் சண்டை போட வேண்டாம். ஆணியும் கரியும் எந்தக் கெடுதலும் செய்யாது. மிளகாயை மட்டும் கோழி கொத்தாத இடத்தில் வையுங்கள்.

முட்டைய எத்தனை நாள் சேர்த்து வைக்கலாம்? பிரிட்ஜில வச்சா தாங்குமா?

பொதுவாக ஏழு நாள் என்பார்கள். அது 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் வைத்தால். மதுரையில் அந்தக் குளிர்ச்சிக்கு எங்கே போவது? இங்கே சித்திரையில் இரவிலேயே வீட்டுக்குள் 30 டிகிரி அடிக்கும். அந்தச் சூட்டில் கரு வளரவும் முடியாமல், தூங்கவும் முடியாமல் அரைகுறையாக அசைய ஆரம்பித்து, பலவீனமாகிச் செத்துவிடும். அதனால் வெயில் காலத்தில் நான் நாலு நாளுக்கு மேல் பழைய முட்டையை வாங்குவதில்லை. மார்கழி, தையில் ஏழு நாள் வரை பரவாயில்லை.

பிரிட்ஜ் இதற்கு நேர் எதிர். அங்கே நாலைந்து டிகிரிதான் இருக்கும், பொரிக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெரிய மண்பானையில் பாதிக்கு மணல் போட்டு, மணலில் தினமும் தண்ணீர் தெளித்து, அதன்மேல் காய்ந்த தட்டில் முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்தி, வாயைத் துணியால் கட்டி, வீட்டின் இருட்டு மூலையில் வையுங்கள். வெளிச் சூட்டைவிட நாலைந்து டிகிரி குறைந்தே இருக்கும். முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது, கழுவினால் அது போய்க் கிருமி உள்ளே இறங்கும். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். ரொம்ப அழுக்கு என்றால் அதைச் சமைத்துவிடுங்கள்.

மிஷின்ல எவ்வளவு சூடு வைக்கணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஆளாளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காற்றாடி ஓடுகிற மிஷினில் உள்ளே எல்லா இடமும் ஒரே சூடு. அதில் 37.5 முதல் 37.8 டிகிரி. காற்றாடி இல்லாத தெர்மாகோல் பெட்டியில் மேலே சூடாகவும் கீழே குளிர்ந்தும் இருக்கும். அதில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 டிகிரி பக்கம் இருக்க வேண்டும். ஒருவர் பெட்டிக் கணக்கை இன்னொருவர் மிஷினில் வைத்தால் குஞ்சு வெந்துவிடும்.

மீட்டர் காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். மிஷின் வாங்கியவுடன் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டை மட்டத்தில் வைத்து ஒத்துப்பாருங்கள். என் மிஷின் 0.6 டிகிரி கூடக் காட்டியது. அது தெரியாமல் முதல் மூன்று தடவையும் குஞ்சு 22, 23ஆம் நாள்தான் வந்தது. தாமதமாக வந்தால் சூடு குறைவு. 19, 20ஆம் நாளே தொப்புள் ஆறாமல் வந்தால் சூடு அதிகம். இதைவிட நல்ல மீட்டர் கிடையாது.

கரண்டுச் செலவையும் இதோடு சேர்த்தே கேட்பார்கள். 40 வாட் பல்பு பாதி நேரம் எரிந்தால் 21 நாளுக்குப் பத்து யூனிட் வரும். பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை.

முட்டையத் திருப்பலேன்னா என்ன ஆகும்?

கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். கோழி இரவும் பகலும் அலகால் தள்ளிக்கொண்டே இருப்பது அதனால்தான். கையால் திருப்புகிறவர்கள் ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்புங்கள். இங்கே ஒற்றைப்படைக்கு அர்த்தம் உண்டு: நீண்ட இரவை முட்டை தினமும் ஒரே பக்கமாகக் கழிக்காது. ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். 18ஆம் நாளோடு நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு குஞ்சு தலையைச் சரியான பக்கம் வைத்துக்கொண்டிருக்கும், கலைக்கக் கூடாது.

தண்ணி எவ்வளவு ஊத்தணும்?

முதல் 18 நாள் ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம். கடைசி மூன்று நாள் 65க்கு மேல், 70 வரை. தண்ணீரின் அளவைவிடத் தண்ணீர்ப் பரப்புதான் முக்கியம். ஆழமான டம்ளரைவிட அகலமான தட்டு நல்லது. புத்தகத்தில் படித்துவிட்டு வருஷம் முழுக்க ஒரே மாதிரி ஊற்றுகிறவர்கள்தான் நம் பக்கம் அதிகம். பங்குனி, சித்திரையில் காற்று வறண்டு கிடக்கும், இரண்டு தட்டு வேண்டும். கார்த்திகை அடைமழையில் நான் முதல் 18 நாள் தண்ணீரே வைக்காமல் ஓட்டியிருக்கிறேன்.

18 நாளில் முட்டை தன் எடையில் 12 சதவீதம் போலக் குறைய வேண்டும். 45 கிராம் முட்டை 40க்குக் கொஞ்சம் கீழே வரும். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன மின்தராசு இருந்தால் இதைப் பார்த்தே தண்ணீரைக் கூட்டிக் குறைக்கலாம். ஈரப்பத மீட்டரைச் சோதிக்க, ஒரு மூடியில் சமையல் உப்பைச் சேறு மாதிரி நனைத்து, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒரு இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அவ்வளவும் மீட்டரின் தப்பு.

கரண்டு போச்சுன்னா எல்லாம் போச்சா?

போகாது. கோழியே தினமும் ஒரு தடவை இரை எடுக்க, தண்ணீர் குடிக்க, எச்சம் போடப் பதினைந்து இருபது நிமிடம் முட்டையை விட்டுப் போகிறது. இரண்டு மணி நேரம் கரண்டு இல்லை என்றால் மிஷினைத் திறக்காமல் மேலே ஒரு போர்வையைப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நம் ஊர் வெயிலுக்கு அறையே 32 டிகிரி இருக்கும், சூடு மெதுவாகத்தான் இறங்கும். திறந்து திறந்து பார்ப்பவர்கள்தான் முட்டையைக் குளிரவைக்கிறார்கள்.

கடைசி வாரம் வேறு கதை. அப்போது குஞ்சு தானே சூடு விடும், மூச்சும் வாங்கும். காற்றாடி நின்றால் காற்றோட்டமும் நிற்கும். அதனால் காற்றுத் துளையை மூடாமல் போர்த்துங்கள். நாலைந்து மணி நேரத்துக்கு மேல் என்றால் இன்வெர்ட்டர் தேவை.

கரண்டு இருந்துமே போன வருஷம் சித்திரையில எனக்கு ஒண்ணுகூடப் பொரிக்கல. ஏன்?

மிஷினை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டால், பத்தில் ஏழு பேர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை என்பார்கள். நானும் அந்தத் தப்பைச் செய்தேன். ஒரு கத்திரி வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே போனேன். பல்பு எரியவில்லை. மீட்டர் 40.9 காட்டியது. சூடு போதும் என்று மிஷின் எப்போதோ பல்பை அணைத்துவிட்டது, தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆனால் கொட்டகையே 41 டிகிரியில் இருக்கும்போது அது என்ன செய்யும்? சாதாரண மிஷினுக்குச் சூடு ஏற்றத்தான் தெரியும், இறக்கத் தெரியாது. அன்றைக்கு 160 முட்டை போனது. இரண்டு நாள் கழித்து ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன், எல்லாம் இறகு முளைத்த குஞ்சு. அதற்குப் பிறகு மிஷின் வீட்டின் நடு அறைக்கு வந்துவிட்டது. ஆறு மாதம் வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வாங்கினேன்.

கரு கொஞ்ச நேரக் குளிரைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. 40 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் முடிந்தது. கோழியும் கத்திரியில் சரியாக உட்காராது. வாயைப் பிளந்துகொண்டு இரைக்கும், அடிக்கடி எழும். கோழி வைத்தாலும் மிஷின் வைத்தாலும் மே மாதம் முழுக்க நான் கூலி முட்டை வாங்குவதில்லை.

கூமுட்டைய முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஏழாம் நாள் இரவில் இருட்டறையில் செல்போன் டார்ச்சின் மேல் முட்டையின் தடித்த முனையை வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்புகள் தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒன்றும் இல்லாமல் மஞ்சளாக வெளிச்சம் வந்தால் அதில் கரு கூடவில்லை. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு உண்டாகிச் செத்தது. சந்தேகமானதை எடுத்துவிடாமல் குறி போட்டு, பத்தாம் நாள் திரும்பப் பாருங்கள்.

முட்டைகளில் பாதிக்கு மேல் கரு கூடாமல் இருந்தால் கோழி மேலும் மிஷின் மேலும் குற்றமில்லை, சேவலைப் பாருங்கள். எட்டு பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் வேண்டும். நாறுகிற முட்டையை மிஷினில் விட்டுவைக்காதீர்கள். அது வெடித்தால் பக்கத்து முட்டையெல்லாம் கெடும், அந்த நாற்றம் அறையை விட்டுப் போக ஒரு வாரம் ஆகும்.

ஓட்டை போட்டுட்டு அப்படியே நிக்குது. நாம உடைச்சு விடலாமா?

இந்தப் போன் எனக்கு இரவு பதினொரு மணிக்குத்தான் வரும். பதில்: கையை எடுங்கள், தூங்கப் போங்கள்.

குஞ்சு முதலில் முட்டைக்குள் இருக்கும் காற்றறையைக் குத்தி மூச்சு வாங்கும். கீச்சென்று சத்தம் அப்போதே கேட்கும். பிறகு ஓட்டில் ஒரு புள்ளி விழும். அதற்குப் பிறகு பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். உள்ளே அந்த நேரத்தில்தான் சவ்வு நரம்புகளில் இருக்கும் ரத்தம் குஞ்சுக்குள் இறங்குகிறது, மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகிறது. முந்தி உடைத்தால் ரத்தம் கசியும், தொப்புளில் மஞ்சள் தொங்கும், குஞ்சு தேறாது. அடைக்கோழி எந்த முட்டையையும் உடைத்துவிடுவதில்லை. உள்ளே இருந்து கீச் என்றால் இது கொக் கொக் என்று பதில் கொடுத்துக்கொண்டு அசையாமல் இருக்கும்.

ஒரு நாள் முழுக்கத் தாண்டி, சவ்வு காகிதம் மாதிரி வெளுத்துக் காய்ந்து குஞ்சோடு ஒட்டியிருந்தால் மட்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்கி ஓட்டை ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும் நிறுத்திவிடுங்கள். இப்படி ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் கடைசி மூன்று நாளில் மூடியைத் திறந்தது. தண்ணீர்க் கேள்வியில் சொன்ன ஈரம் ஒரே நிமிடத்தில் வெளியே போய்விடும்.

மிஷின் குஞ்சு தேறாதுன்னு சொல்றாங்களே?

பொரித்த அன்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் அடுத்த வாரத்தில் வருகிறது. குளிர்ந்தால் ஓடிப்போய் ஒண்ட மிஷின் குஞ்சுக்கு இறக்கை இல்லை. அந்த இடத்தில் நீங்கள் பல்பு வைக்கிறீர்கள். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரியாகக் குறைக்க வேண்டும். மீட்டர் பார்க்காவிட்டாலும் குஞ்சைப் பார்த்தால் போதும்: பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு, பரவிப் படுத்திருந்தால் சரி. தரைக்கு நெல் உமி, முதல் மூன்று நாள் அதன்மேல் காகிதம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் விழுந்து நனைந்து சாகும்.

தாய் சொல்லிக்கொடுப்பது இன்னொன்று. கோழி கறையானைக் கிளறிக் காட்டும். பருந்து நிழல் தரையில் விழுந்ததும் ஒரு குரல் கொடுக்கும், குஞ்செல்லாம் செடிக்கடியில் மறையும். மிஷின் குஞ்சை ஒரு மாதத்தில் தோட்டத்தில் விட்டால் காக்கா வரும்போது நிமிர்ந்து வேடிக்கை பார்க்கும். அதனால் அதை இரண்டு மாதம் வரையாவது வலைக்குள் வளர்க்க வேண்டும். அதற்கு இடமும் தீவனச் செலவும் உண்டு. தாயோடு போனாலும் கீரியும் காக்காயும் கொண்டுபோவது போகும், அதையும் மறைக்கவில்லை.

எப்படிப் பொரித்தாலும் வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு ஒன்றுதான். முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் நாள் சொல்வார்கள். தாய் இருக்கிறது என்று ஊசியை விட்டவர்கள் ஒரே வாரத்தில் பஞ்சாரத்தைக் காலி செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்ப மிஷின்ல பொரிச்சு, தாய்க்கோழிகிட்ட விட்டுட்டா?

இதைக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம். நான் செய்வது இதுதான். மிஷினில் முட்டை வைக்கிற அன்றே அடையில் இருக்கும் கோழிக்கும் ஏழெட்டு முட்டை வைப்பேன். இரண்டும் ஒரே நாளில் பொரிக்கும். அன்று இரவு, நல்ல இருட்டில், மிஷின் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கோழியின் வயிற்றுக்கடியில் நுழைத்துவிடுவேன். காலையில் எல்லாம் அதன் குஞ்சுதான். பெருவிடை 18, 20 குஞ்சைக்கூடக் கூட்டிக்கொண்டு திரியும்.

நாள் முக்கியம். கோழியின் குஞ்சு பொரித்து இரண்டு நாள் ஆகிவிட்டால் புதுசைக் கொத்த ஆரம்பிக்கும். நாலைந்து நாளான மிஷின் குஞ்சும் பல்பையே தாய் என்று பழகியிருக்கும், கோழி கூப்பிட்டால் போகாது. நிறமும் கொஞ்சம் கலந்திருப்பது நல்லது. எல்லாம் வெள்ளைக் குஞ்சாக இருந்து ஒன்று மட்டும் கறுப்பு என்றால் அதைத் தேடிக் கொத்துகிற கோழிகள் உண்டு.

மிஷின்ல பிறந்த பெட்டை பின்னாடி அடைக்கு உட்காருமா?

உட்காரும். அது இனத்தைப் பொறுத்தது, எங்கே பொரித்தது என்பதைப் பொறுத்ததில்லை. சிறுவிடை, அசில் எல்லாம் நன்றாக உட்காரும்; அசில் கனம் அதிகம், மெல்லிய ஓட்டு முட்டையை மிதித்து உடைக்கும். வெள்ளை லெக்ஹார்ன், கிராமப்பிரியா மாதிரி முட்டைக்காகத் தேர்ந்தெடுத்த இனங்களில் அடை குணம் கிட்டத்தட்ட இல்லை. கடக்நாத்தும் அடைக்குச் சோம்பேறி. இவற்றை வாங்கியவர்களுக்கு மிஷினோ இரவல் சிறுவிடையோ இல்லாமல் முடியாது.

அடைய நிறுத்தி மறுபடி முட்டையிட வைக்க மூக்குல இறகு குத்துறாங்களே, சரியா?

வேண்டாம். அது வேதனை, புண்ணாகிச் சீழும் வைக்கும். அடியில் காற்றோடுகிற கம்பிக் கூண்டில், வைக்கோல் இல்லாமல், வெளிச்சமான இடத்தில் மூன்று நாலு நாள் வையுங்கள். தீவனமும் தண்ணீரும் தாராளமாகக் கொடுங்கள். வயிற்றுச் சூடு தணிந்தால் அடை கலையும். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும். மிஷின் வைத்திருப்பவருக்கு உண்மையான லாபம் இங்கேதான்: அடையும் குஞ்சு வளர்ப்புமாகப் போகிற மூன்று மாதத்தில் கோழி இன்னொரு ஈடு, அதாவது இன்னொரு சுற்று, முட்டை போட்டுவிடும். ஆனால் எல்லா ஈட்டையும் பறிக்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது உட்காரவிட்டால் கோழி தேறும்.

வாத்து, வான்கோழி முட்டைய நாட்டுக்கோழிக்கு வைக்கலாமா?

வைக்கலாம். இரண்டுக்கும் 28 நாள், கோழிக்கு 21. சேர்த்து வைப்பதானால் வாத்து முட்டையை ஏழு நாள் முந்தி வையுங்கள். காடைக்கு 17, 18 நாள் போதும். அது மிஷினுக்குத்தான் சரி, கோழி மிதித்தால் நொறுங்கும்.

முட்டை கூரா இருந்தா சேவல், உருண்டையா இருந்தா பெட்டைதானே?

இல்லை. சூட்டைக் கூட்டிக் குறைத்தாலும் மாறாது. ஆணா பெண்ணா என்பது முட்டை உருவாகும்போதே தாயிடம் முடிவாகிவிடுகிறது. முதலைக்கும் பல ஆமைகளுக்கும் முட்டைச் சூட்டைப் பொறுத்து மாறும், அந்தக் கதைதான் கோழிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

மாமா, நான் பால் பைத்தான் வளர்க்கிறேன். ஆறு முட்டை போட்டிருக்கு. உங்க மிஷின்ல ஒரு ஓரமா வைக்கலாமா?

மதுரையிலிருந்து வந்த ஒரு தம்பி கேட்டது. பால் பைத்தான் என்பது பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் ஒரு வெளிநாட்டு மலைப்பாம்பு. சிரித்துவிட்டேன், பிறகு உட்கார்ந்து தேடிப் படித்தேன். வைக்கக் கூடாது. அந்த முட்டைக்கு 31, 32 டிகிரி போதும், என் மிஷினின் 37.7 அதைக் கொன்றுவிடும். என் மிஷின் மணிக்கொரு தடவை முட்டையைச் சாய்க்கும்; பாம்பு முட்டையை இட்ட நிலையிலிருந்து திருப்பவே கூடாது. திருப்பாவிட்டால் கோழிக்கரு சாகும், திருப்பினால் பாம்புக்கரு சாகும். ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் முட்டைகளைப் பிரிக்கவும் கூடாது. ஈரம் பிடித்துவைக்கும் வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளை நனைத்துப் போட்ட மூடிய டப்பாவில், அதற்கென்று தனிப் பெட்டியில் 55 முதல் 60 நாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது மலைப்பாம்பும் அடை காக்கும் என்பதுதான். முட்டைகளைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். நம் நாட்டு மலைப்பாம்பு தசையை அவ்வப்போது வெடவெடவென்று உதறியே சூடு உண்டாக்கும். அத்தனை நாளும் பெரும்பாலும் இரை எடுக்காது, இளைத்துப்போகும். அதனால் வளர்ப்பவர்கள் முட்டையை எடுத்துவிட்டுத் தாயைச் சீக்கிரம் இரைக்குப் பழக்குகிறார்கள். நம் அடை கலைக்கிற கணக்கேதான். தாய் நல்ல உடம்போடு இருந்து, அறைச் சூடும் சரியாக இருந்தால் அதனிடமே விடலாம் என்று தம்பியிடம் சொன்னேன். வெளிநாட்டு இனமான அந்தப் பாம்பை 2024இல் வந்த விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், குஞ்சு பொரித்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

வரப்பில் கிடக்கிற பாம்பு முட்டை, மயில் முட்டை கதை வேறு. 1972ஆம் வருஷ வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி எடுப்பதே குற்றம். கோழிக்கு வைத்துப் பொரித்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

முட்டைய உங்ககிட்ட எப்படிக் கொண்டுவர்றது?

ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதியைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா வேண்டாம். ஒரு வாளியில் உமியோ தவிடோ போட்டு, கூர்முனை கீழே இருக்கும்படி புதைத்துக் கொண்டுவாருங்கள். பைக் பெட்ரோல் டேங்க் மேல் வைக்காதீர்கள், அந்தச் சூடே போதும் கெடுக்க. காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். வந்தவுடன் மிஷினில் ஏற்ற மாட்டேன், அரை நாள் அசையாமல் வைத்துவிட்டுச் சாயங்காலம் ஏற்றுவேன்.

ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்துக் கரு கூடாததைத் திருப்பித் தந்துவிடுவேன், அதற்குக் கூலி இல்லை. 21ஆம் நாள் மாலை அட்டைப்பெட்டியோடு வாருங்கள். வயிற்றுக்குள் மஞ்சள் கரு இருப்பதால் குஞ்சு இரண்டு நாள் தீனி இல்லாமல் தாங்கும், வழியில் தண்ணீர் காட்ட வேண்டாம். வரும்போது வீட்டில் பல்பு எரிகிறதா, இல்லை அடைக்கோழி தயாரா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.